மடம் விற்பனைக்கு, வீடாகவும் பாவிக்கலாமாம்

வழிப்போக்கர் தங்கக் கட்டிய மடத்தை வீடென்று நம்பி வாங்கப் போய் என்னிடம் வந்தவர்களில், இந்த வருடம் இது மூன்றாவது ஆள். முதல் இருவரையும் மேசைக்கு முன்னால் இருத்தி வைத்து ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். மூன்றாவது ஆளுக்கும் அதே கதையை அடியிலிருந்து தொடங்க வேண்டி வந்தபோதுதான், இதை எழுதி வைத்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். அடுத்தவர் வந்தால் வாசிக்கக் கொடுத்துவிட்டு நான் தேத்தண்ணீர் குடிக்கலாம்.

வந்தவர் 22 வருடம் பிரான்சில் உழைத்தவர். கடைசிக் காலத்தை ஊரில் கழிக்க ஆசை. கைபேசியை நீட்டினார். “வடமராட்சியில் 4 பரப்புக் காணியுடன் நூறு வருடப் பழமையான கல் வீடு. கல் தூண்கள், விசாலமான திண்ணை, நல்ல தண்ணீர்க் கிணறு. பிரதான வீதிக்கு முகப்பு. வீடாகவோ விருந்தினர் விடுதியாகவோ பாவிக்கலாம். கிளியர் உறுதி.”

“படத்தைப் பாருங்கோ அக்கா. கொழும்பு ஆக்கள் கண்டா விடமாட்டினம். நான் 10 லட்சம் அச்சாரம் குடுத்திட்டன்.”

“எனக்குக் காட்ட முதலோ?”

“வேற ஒரு ஆள் பாத்துக்கொண்டு நிக்கிறார் எண்டு புறோக்கர் சொன்னவர்.”

அந்த ‘வேற ஒரு ஆள்’ இருக்கிறாரே, காணி உறுதி எழுதுகிற இத்தனை வருட நொத்தாரிசு வேலையில் அவரை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை.

முதல் படமே போதுமாக இருந்தது. தெருவைப் பார்த்தபடி நீளத்துக்கு இடுப்பளவு உயரத் திண்ணை. நாலு தூண். பின்சுவரில் ஒரேயொரு கதவு, அதுவும் ஒரு சின்ன அறைக்கு. கிணறு தெருக்கரையில், அதோடு ஒட்டி நீளமான தண்ணீர்த் தொட்டி. ஓரத்தில் பூவரச மரத்தடியில் மார்பளவு உயரக் கல்லொன்று தனியே நிற்கிறது. “அது பழைய படலைத் தூணாம்” என்றார். படலைக்கு ஒரு பக்கம் மட்டுமா தூண் வைப்பார்கள்? அது ஆவுரோஞ்சிக் கல். வண்டில் மாடு தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு உடம்பை உரஞ்சிக்கொள்ள நாட்டிய கல். தன் வீட்டு வாசலில் ஊர் மாடெல்லாம் வந்து உரஞ்சட்டும் என்று யாரும் கல் நாட்டுவதில்லை. அது வீடில்லை, மடம்.

எங்களுடைய பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். முதலில் வேலி, பிறகு படலை, வசதியான குடும்பம் என்றால் கூரை போட்ட சங்கடப்படலை, பிறகு முற்றம், அதற்குப் பிறகுதான் திண்ணை. நாற்சார் வீடு என்றால் வாழ்க்கை முழுவதும் உள்முற்றத்தைச் சுற்றி நடக்கும். தெருவால் போகிறவன் கண்ணுக்குக் குசினி தெரியாது. மடத்தில் இதெல்லாம் தலைகீழ். வேலி கிடையாது, சாமியறை கிடையாது. யாரையும் கேட்காமல் ஏறி, தோள் மூட்டையை இறக்கி, கால் நீட்டிப் படுக்கலாம். அந்த ஒற்றை அறை கிடாரமும் பானையும் பூட்டி வைக்க. வெளியே கிணறு, தொட்டி, ஆவுரோஞ்சிக் கல், சில இடங்களில் கேணி, கொஞ்சம் தள்ளிச் சுமைதாங்கி. இவற்றில் மூன்றை ஒரு விற்பனைப் படத்தில் கண்டால் அச்சாரக் காசை எடுக்கிற கையைப் பொக்கற்றிலேயே வைத்திருங்கள்.

இது நம்மூரில் அபூர்வமான சங்கதியும் இல்லை. மடத்தடி, மடத்துவாசல் என்று இடப்பெயர்களே இருக்கின்றன. சந்நிதிக் கோயிலுக்கும் வல்லிபுரக் கோயிலுக்கும் நடந்து போனவர்களும், ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடப் போனவர்களும் தங்கிப் போனது மடங்களில்தான். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் தூண் வைத்த திண்ணை, நடுவால் தெரு, தெருவுக்கு மேலேயே கூரை. இன்றைக்கும் அதற்குக் கீழால்தான் ஆட்டோ போகிறது. 1905இல் கொழும்பிலிருந்து ரயில் வந்தது, பிறகு பஸ் வந்தது, நடக்கிற சனம் குறைந்தது, மடங்கள் சும்மா கிடந்தன. சும்மா கிடக்கிற காணிக்கு நம்மூரில் என்ன நடக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இனி உறுதிக் கதை. “உறுதி இரண்டு இருக்கு அக்கா” என்று போட்டோப் பிரதிகளைப் பரப்பினார். இரண்டாவது, தகப்பன் மகனுக்கு எழுதிய நன்கொடை. முதலாவது, 1998இல் தகப்பன் தனக்குத் தானே எழுதிக்கொண்ட பிரகடன உறுதி. “எனது தகப்பனார் காலந்தொட்டுத் தடையின்றி ஆண்டனுபவித்து வருவதால்…” என்று தொடங்கும், தெரியும்தானே. ‘இது என்னுடையது’ என்று ஒருவர் சொல்லிக் கையெழுத்து வைத்திருக்கிறார். நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தியது அந்தக் கையெழுத்தை. அவர் சொன்னது உண்மை என்று நொத்தாரிசு எங்கும் சொல்லவில்லை. அத்தாட்சிப் பந்தியின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது, தரப்பார் கேட்டுக்கொண்டதால் பதிவேடு தேடப்படவில்லை என்று. எங்கள் தொழிலில் அந்த வரியைக் கண்டால் வாசிப்பை நிறுத்திவிட்டு எழுதிய ஆளின் பெயரைப் பார்ப்போம். வாங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை.

இதையெல்லாம் சொல்லி முடிய அவர் கேட்டார்: “பத்து வருஷத்துக்கு மேல ஆண்டா சொந்தம்தானே அக்கா?”

இந்தப் பத்து வருஷத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கலியாண வீட்டிலும் கேட்கிறார்கள், செத்த வீட்டிலும் கேட்கிறார்கள். ஒருதரம் ஒழுங்காக வாசியுங்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் பத்து வருடம் இருக்கிறது, உண்மை. ஆனால் பத்து வருடம் காணியில் இருந்தால் மட்டும் போதாது. உரியவருக்கு எதிராக, வாடகையோ குத்தகையோ கொடுக்காமல், அவருடைய உரிமையை ஒரு விதத்திலும் ஏற்றுக்கொள்ளாமல் இருந்திருக்க வேண்டும். மடத்துக்கு முகாமைக்காரராக உள்ளே வந்தவர், விளக்கேற்றவும் தண்ணீர்ப் பானை நிரப்பவும் திறப்பு வாங்கியவர், அந்தத் திறப்பையே காட்டி ‘நான் ஆண்டேன்’ என்று சொல்ல முடியாது. அவர் பேரன் சொன்னாலும் அதே கதைதான்.

அதோடும் முடியவில்லை. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் 111ஆம் பிரிவு, தரும ஆதனத்தைத் தருமத்துக்காக மீட்கக் கேட்கிற வழக்குக்கு ஆட்சியுரிமைச் சட்டம் தடையாகாது என்கிறது. பத்து வருடம் போகட்டும், ஐம்பது வருடம் இருந்திருந்தாலும் ‘காலம் கடந்துவிட்டது’ என்ற பதிலை அங்கே சொல்ல இயலாது. இதை நான் மூன்று பேருக்கும் சொன்னேன். மூன்று பேரும் ஒரே மாதிரித் தலையாட்டிவிட்டு, “ஆனா அக்கா, பத்து வருஷம்…” என்று திரும்பவும் தொடங்கினார்கள்.

அடுத்த கேள்வியும் வழமையானது: “தருமம் எண்டு எழுதின உறுதி ஒண்டும் இல்லையே?” இல்லாமல் இருக்கலாம். அந்தக் காலத்து மனிதர் கிணறு வெட்டி, மடம் கட்டி, நாலு பேருக்குச் சோறு போட்டுத் திறந்துவிட்டிருப்பார், கடதாசி எழுதியிருக்க மாட்டார். அதே சட்டத்தின் 107ஆம் பிரிவு இதற்கென்றே எழுதினது போல இருக்கும். முறையாக எழுதிய சாதனம் இல்லாவிட்டாலும், எல்லாச் சூழ்நிலையையும் பார்த்து அங்கே தருமம் ஒன்று உண்டு என்று நீதிமன்றம் தீர்மானிக்கலாம். தூணும் தொட்டியும் ஆவுரோஞ்சிக் கல்லும் சாட்சிக் கூட்டில் ஏறிவிடும். “நான் தெரியாமல் வாங்கினேன்” என்ற வாதத்துக்கு 66ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. உண்மையிலேயே தெரியாமல், காசு கொடுத்து வாங்கியவருக்கு. தெருவைப் பார்த்து நிற்கிற மடத்தை, ஊரே மடம் என்று சொல்கிற மடத்தை, ‘தெரியாமல்’ வாங்கினேன் என்று எந்த நீதிபதியிடம் சொல்லப் போகிறீர்கள்?

அந்த ஞாயிறு அவரோடு நானே போனேன். வழக்கமாகப் போவதில்லை, 10 லட்சம் என்னையும் அரித்துக்கொண்டிருந்தது. விற்பனைக்கென்று புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அறைக்கதவுக்கு மேல் சுவரில் பதித்த கல்லுக்கும் சேர்த்து நல்ல தடிப்பாக. கிணற்றில் அள்ளி, கைலேஞ்சியை நனைத்துத் துடைத்தேன். மூன்று நாலு தரம் துடைக்க எழுத்துப் பள்ளங்களில் வெள்ளை தங்க, மற்ற இடம் கறுத்து, சொற்கள் வந்தன. “சித்திரபானு வருஷம் தை மாசம்”, கீழே ஒரு பெயர், அதற்குக் கீழே “உபயம்”. வந்தவர் ஒன்றும் பேசாமல் திண்ணையில் இருந்துவிட்டார். நல்ல காற்று அங்கே.

சித்திரபானு அறுபது வருடத்துக்கு ஒருதரம் வரும். அந்தத் தை 1883 ஆக இருக்கலாம், 1943 ஆகவும் இருக்கலாம். அதைப் பக்கத்து வளவு தீர்த்து வைத்தது. அந்த வீட்டு அம்மா தகரப் பெட்டியைத் திறந்து தன் பாட்டனாரின் 1921ஆம் ஆண்டு உறுதியைக் காட்டினார். எல்லை விபரம்: “மேற்கு தெருவும், வடக்கு மடமும் மடத்துத் தருமக் காணியும்.” 1921இலேயே மடம் நிற்கிறது என்றால் கல்லில் இருப்பது 1883.

ஆகவே தயவுசெய்து இதைச் செய்யுங்கள். காணியின் உறுதியை மட்டும் பார்க்காதீர்கள், நாலு பக்கத்து அயலவர் உறுதிகளின் எல்லையை வாசியுங்கள். விற்கிறவர் தன் உறுதியில் எதையும் எழுதலாம், அயலவருக்கு 1921இல் பொய் எழுத ஒரு தேவையும் இருக்கவில்லை. காணிக் கந்தோரில் முப்பது வருடத் தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்துவிட்டுச் சுத்தம் என்று வராதீர்கள். மடங்களின் கதை அந்த முப்பது வருடத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்கும், போகக்கூடிய அளவு பின்னால் போங்கள். முதல் உறுதி பிரகடன உறுதி என்றால் அதற்கு முன் என்ன இருந்தது என்று கேளுங்கள். பதில் ‘95 யுத்த இடப்பெயர்வில் துலைஞ்சு போச்சு’ என்று வந்தால், உண்மையாகவும் இருக்கலாம், பலருக்கு உண்மையிலேயே தொலைந்தது. ஆனால் பதிவேட்டுப் பிரதியும் சேர்ந்து இடம்பெயர்ந்ததா என்று தேடிப் பாருங்கள். ஊரில் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம், புறோக்கர் பக்கத்தில் நிற்காத நேரம், “இதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்” என்று மட்டும் கேளுங்கள்.

தொல்பொருள் திணைக்களத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனியார் காணியில் நிற்கிற கட்டடத்தையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கலாம். அறிவித்திருந்தால் அனுமதி இல்லாமல் ஒரு முருகைக் கல்லையும் கழற்ற ஏலாது, திண்ணையை உடைத்துக் கார் விடுகிற கனவை விட்டுவிடுங்கள். வீதிக்கோடும் பாருங்கள். தெருவோடு ஒட்டிக் கட்டியதுதான் மடம், வீதியை அகட்டினால் முதலில் போவது உங்கள் ‘விசாலமான திண்ணை’.

வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்களுக்கு, கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதை முதலே சொல்லுங்கள். இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் வேறு நாட்டுப் பிரசையாகிவிட்டவர் இங்கே காணி வாங்க 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடை. என்னிடம் வந்தவர் இதையும் உறுதி எழுதுகிற அன்றைக்குத்தான் சொல்ல இருந்தாராம்.

விற்கிறவர்களோடு எனக்குக் கோபம் குறைவு. அநேகம் பேர் கள்ளர் இல்லை. முகாமைக்காரரின் மூன்றாம் நான்காம் தலைமுறை. ஓடு மாற்றியதும் சோலைவரி கட்டியதும் அவர்கள்தான், மடத்தைப் பராமரிக்க விட்ட வயல் எப்போதோ யாரிடமோ போய்விட்டது, ஊர் ஒரு சதமும் தரவில்லை. அந்தச் சலிப்பு எனக்கு விளங்குகிறது. பாரத்தை இறக்க வேண்டும் என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்கள், புதுப் பொறுப்பாளரை நியமிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. கோயில் சபையோடு, சனசமூக நிலையத்தோடு கதையுங்கள். சுண்ணாம்பை அடித்துப் பெயரை மறைத்து விற்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். மடத்தோடு தொடர்புள்ள ஐந்து பேர் ஒன்றுசேர்ந்தால் வழக்குத் தொடங்க வழி திறந்துவிடும், நம்மூரில் காணி வழக்கென்றால் ஐந்து பேரைச் சேர்ப்பது ஒரு வேலையா?

அச்சாரத்தில் 6 லட்சம் திரும்பி வந்தது. மிச்சம் நாலைப் புறோக்கர் ‘செலவு’ என்கிறார், கடிதம் அனுப்பியிருக்கிறேன். விளம்பரம் இன்னும் கிடக்கிறது. ஆவுரோஞ்சிக் கல் இருந்த படத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள், விலையில் 15 லட்சம் குறைத்திருக்கிறார்கள், “வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், முந்துங்கள்” என்று புதிதாக ஒரு வரி.