சேர்வராயன் மலையில் வன உரிமைப் பட்டா: மனு எங்கிருந்து தொடங்க வேண்டும்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வன உரிமைப் பட்டா வேண்டுமென்று மனு எழுதுகிறவர்களில் பலர், அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, முதல் பேருந்தில் சேலத்துக்கு இறங்கி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தின் வரிசையில் நிற்கிறார்கள். அந்த மனுவுக்கு ஒரு ரசீது கிடைக்கும். ஆனால் வன உரிமைச் சட்டப்படி நடக்க வேண்டிய வேலை அங்கே தொடங்காது. அது தொடங்க வேண்டிய இடம் அவரவர் ஊரின் கிராம சபை. இதை வெறும் அலுவலக நடைமுறை என்று எடுத்துக்கொண்டால் சட்டத்தின் பாதிப் பொருள் கைநழுவிவிடும் என்பதால், கொஞ்சம் பழைய கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி தம் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தபோது, பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயின. ஆட்சி கைமாறியபோது மலையில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதிய நிலத்தை நிர்வகிக்க வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழுகிறவரோடு நேரடியாகத் தீர்வை பேசியதிலிருந்துதான் ரயத்வாரி முறை உருவாயிற்று. ஏர் ஓடும் சமவெளிக்குப் பொருந்திய அந்த முறை, சரிவில் களைக்கொத்தால் கொத்திச் சாமையும் கேழ்வரகும் விதைத்து, மண் களைத்தால் சில ஆண்டுகள் தரிசாக விட்டு வேறிடம் போகும் கொத்துக்காட்டுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. 1820-களில் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் காபி வந்தது. அதன்பின் மலையில் தோட்டங்கள் பெருகின. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்து, காப்புக்காடாக அறிவிக்க இருக்கும் நிலத்தில் உரிமை உள்ளவர்கள், விளம்பரத்தில் சொன்ன கெடுவுக்குள் எழுதிக் கொடுத்தோ நேரில் வந்தோ கோர வேண்டும் என்றது. கோராதவரின் உரிமை அதோடு அற்றுப்போகும். பாட்டன் காலத்துக் காட்டில் தேன் எடுப்பதற்கு யாரிடம் போய் உரிமை கேட்பது என்றுகூடத் தோன்றாத மக்களுக்கு அந்தக் கெடு என்ன பயன் தந்திருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இத்தனைக்கும் மலையாளிகள் எனப்படும் இம்மலைப் பழங்குடியினருக்குச் சொந்த நிர்வாகம் இல்லாமல் இல்லை. மலையை நாடுகளாகப் பிரித்து, நாட்டுக்கு ஒரு பட்டக்காரர், ஊருக்கு ஒரு மூப்பன் என்று வைத்து, எல்லைத் தகராறு முதல் கல்யாண வழக்கு வரை ஊர்க்கூட்டத்திலேயே தீர்த்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டங்களில் பெண்களின் குரலுக்கு இடம் குறைவாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2006-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த வன உரிமைச் சட்டம், வனவாசிகளின் பரம்பரை நிலங்களும் வாழ்விடங்களும் முறையாக அங்கீகரிக்கப்படாமல் போனதை ‘வரலாற்று அநீதி’ என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. ஆகவே இது அரசு புதிதாக நிலம் தானம் செய்யும் திட்டம் அல்ல. முன்பே இருந்த உரிமையைப் பதிவு செய்யும் ஏற்பாடு. 1882-ல் வன நிர்ணய அதிகாரியிடம் இருந்த முதல் விசாரணையை இச்சட்டம் கிராம சபையிடம் ஒப்படைக்கிறது.

யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் அதிகக் குழப்பம். பட்டியல் பழங்குடியினராக இருந்து, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்தோ பயிர் செய்தோ வந்தால் போதும். சேலம் மாவட்ட மலையாளிகள் இப்பட்டியலில் உள்ளவர்கள். மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் வசித்ததைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை, பழங்குடி அல்லாத ‘இதர பாரம்பரிய வனவாசிகளுக்கு’ மட்டுமே உரியது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மனு, சாதிச் சான்றிதழ் இணைத்திருந்தும், ஓர் அலுவலகத்தில் ‘75 ஆண்டு ஆதாரம் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அப்படி வந்தால் சோர்ந்துவிடாமல், நிபந்தனை யாருக்கு உரியது என்பதை எழுத்தில் சுட்டிக்காட்ட வேண்டும்.

நிலம் வன நிலமாக இருக்க வேண்டும். காபித் தோட்டத்தின் பட்டா நிலத்தில் எத்தனை காலம் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருந்தாலும் அதற்கு இச்சட்டம் வழி செய்யாது. அனுபவத்தில் உள்ள அளவுக்கே உரிமை கிடைக்கும். உச்சவரம்பு 4 ஹெக்டேர், ஏறத்தாழ 10 ஏக்கர். உரிமை ஆவணம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்படும்; வாரிசுக்கு இறங்கும்; விற்க முடியாது. விசாரணை முடியும்வரை யாரையும் வெளியேற்றவும் கூடாது.

முதல் வேலை, ஊராட்சி கூட்டும் கிராம சபையில் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுப்பது. அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினரும், மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும். கிராம சபை உறுப்பினர்களில் பாதிப்பேர் கூடியிருக்க வேண்டும்; வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். நாகலூர், செம்மநத்தம் போன்ற ஊராட்சிகளில் குக்கிராமங்கள் சிதறிக் கிடப்பதால் இந்தக் கணக்கை எட்டுவது லேசானதல்ல. காபி பறிப்புக் காலத்தில் தேதி வைத்தால் வருகைப் பதிவேட்டில் பாதிப் பக்கம் வெறுமையாகவே நிற்கும்.

மனுவுக்கு மூன்று படிவங்கள் உண்டு: தனிநபருக்கு ‘ஏ’, சமூக உரிமைக்கு ‘பி’, ஊரார் காலங்காலமாகக் காத்துவரும் காட்டின் மீதான உரிமைக்கு ‘சி’. ஆதாரம் என்றவுடன் காகிதத்தைத் தேட வேண்டியதில்லை. வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வீட்டுவரி ரசீது இருந்தால் நல்லது. இல்லையென்றால், மண் அரிக்காமல் அடுக்கிய கல்வரப்பு, கிணறு, இடுகாடு, ஊர்ச்சாமி இருக்கும் இடம் ஆகியவையும் விதிகளின்படி ஆதாரங்களே. மனுதாரர் அல்லாத ஒரு முதியவர், ‘அந்தப் பலா மரத்தை இவன் பாட்டன் வைத்தபோது நான் மாடு மேய்த்துக்கொண்டிருந்தேன்’ என்று சொன்னால், அதை எழுதி, கைரேகை வாங்கிக் கோப்பில் சேர்க்கலாம். இத்தகைய ஆதாரங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும். குறிப்பிட்ட ஓர் ஆவணம் இருந்தே தீர வேண்டும் என்று எந்தக் குழுவும் வற்புறுத்தக் கூடாது. வனத்துறை முன்பு போட்ட அபராத ரசீதையோ ஆக்கிரமிப்பாளர் பட்டியலையோ மட்டும் காட்டி மனுவைத் தள்ளவும் கூடாது.

வன உரிமைக் குழு நிலத்தைப் பார்க்கப் போகும்போது வனத்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் உடனிருந்து, பதவி, தேதி, கருத்து ஆகியவற்றோடு கையெழுத்திட வேண்டும். கிராம சபைத் தீர்மானம் வருவாய்க் கோட்ட அளவிலான குழுவுக்கும், பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். மாவட்டக் குழுவின் முடிவே இறுதியானது. தமிழ்நாட்டில் 2008-ல் உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமை ஆவணம் வழங்குவது ஆண்டுக்கணக்கில் நின்றுபோய், 2016-ல் உச்சநீதிமன்றத்தில்தான் தடை நீங்கியது. அக்காலத்தில் கொடுத்துக் கிடப்பில் போன மனுக்களின் நகல் யாரிடமாவது இருந்தால் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

நிலம் இல்லாதவருக்கும் இதில் பங்குண்டு. தேன், கடுக்காய், மூங்கில் போன்ற சிறு வன மகசூலைச் சேகரித்து விற்பதும், மேய்ச்சலும் சமூக உரிமைகளில் அடங்கும். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, சாலை போன்ற 13 வகை வசதிகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தைப் பெறலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது.

கிராம சபையின் தீர்மானத்தில் குறை இருப்பதாக நினைப்பவர் 60 நாட்களுக்குள் கோட்டக் குழுவிடமும், அதன் முடிவில் குறை கண்டால் மேலும் 60 நாட்களுக்குள் மாவட்டக் குழுவிடமும் முறையிடலாம். காரணத்தைப் பதிவு செய்யாமலோ, மனுதாரர் தரப்பைக் கேட்காமலோ யாரும் மனுவைத் தள்ள முடியாது. நாட்கணக்கு தீர்மானத் தேதியிலிருந்து ஓடத் தொடங்குவதால், கூட்டம் கலைவதற்குள் ஊராட்சிச் செயலரிடம் தீர்மான நகலைத் தேதியோடும் முத்திரையோடும் கேட்டு வாங்கிவிட வேண்டும்.