ஹாலோவீன் மாலையில் குழந்தைகளை எமர்ஜென்சிக்குக் கொண்டு வருவது எது?

வேஷம் போட்ட குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன், அக்டோபர் 31. அந்தக் கடைசி வாரம் வந்துவிட்டால் நம் ஊர்க்காரப் பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “முன்பின் தெரியாதவங்க வீட்டு மிட்டாயை எப்படி டாக்டர் நம்பிக் குடுக்கறது? உள்ள பிளேடு, விஷம் எதாவது இருந்தா?” நியூ ஜெர்சியில் குழந்தைகள் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவன் நான். இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். கேட்கிறவர்கள் பொறுப்பானவர்கள். ஆனால் அவர்களுடைய அக்கறை முழுவதும் மிட்டாய்ப் பையிலேயே தீர்ந்துபோகிறது. அந்த மாலையில் உண்மையிலேயே குழந்தைகளைக் காயப்படுத்தும் விஷயங்கள் கவனத்துக்கே வருவதில்லை.

முதலில் விஷ மிட்டாய் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுச் செய்திகளைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். வீடு வீடாக வந்த குழந்தைக்கு முகம் தெரியாத ஒருவர் கொடுத்த மிட்டாயால் உயிர் போனது என்று உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. எல்லோரும் சொல்லும் 1974 டெக்சாஸ் வழக்கில், சயனைடு கலந்த இனிப்பைக் கொடுத்துச் சிறுவனைக் கொன்றவர் அவனைப் பெற்ற தகப்பனேதான். இன்ஷூரன்ஸ் பணத்துக்காகச் செய்தார். 1982-இல் சிகாகோ பகுதியில் டைலினால் என்ற வலி மாத்திரையில் விஷம் கலக்கப்பட்டுப் பலர் இறந்தபோது இந்தப் பயம் நாடு முழுவதும் பற்றிக்கொண்டது. மிட்டாய்ப் பையை இலவசமாக எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்த மருத்துவமனைகளும் இருந்தன. எக்ஸ்ரேயில் விஷம் தெரியாது என்பது வேறு விஷயம். உறை கிழிந்ததையும் வீட்டில் செய்து பொட்டலம் கட்டியதையும் எடுத்துப் போடுங்கள். மிட்டாயைப் பொறுத்தவரை அது போதும்.

அன்று மாலை நான் உண்மையிலேயே கவலைப்படுவது ரோட்டை நினைத்துத்தான்.

கனடா மருத்துவர் ஜான் ஸ்டேபிள்ஸும் அவருடைய சகாக்களும் 1975 முதல் 2016 வரை 42 ஆண்டு அமெரிக்க விபத்துக் கணக்குகளை எடுத்து, ஹாலோவீன் மாலையையும் அதற்கு ஒரு வாரம் முந்தைய, பிந்தைய மாலைகளையும் ஒப்பிட்டார்கள். ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் அது வெளியானது. ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வண்டி மோதி இறக்கும் வாய்ப்பு 43 சதவீதம் கூடுதல். 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கோ அது பத்து மடங்கு. மாலை 6 மணியை ஒட்டிய நேரம்தான் மிக மோசம். எங்கள் ஊரில் அன்று சூரியன் மறைவது 6 மணிக்குச் சற்று முன்னால். வேலை முடிந்து வீடு திரும்பும் கார்கள், மங்கலான வெளிச்சம், கறுப்பு அங்கி போட்ட குழந்தைகள், மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் இருக்கும்.

உங்கள் தெருவில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் பெரிய எஸ்யூவி வண்டிகள் வரிசையாக நிற்கும். ஐந்து வயதுக் குழந்தையின் தலை அந்த வண்டியின் பானெட் உயரத்தைத் தாண்டாது. எதிர்வீட்டு வாசலில் பெரிய சாக்லேட் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் அது இரண்டு வண்டிக்கு நடுவில் புகுந்து ஓடும். ஓட்டுநர் 25 மைல் வேகத்தில்தான் வருகிறார், தப்பே செய்யவில்லை என்றாலும், அவர் குழந்தையைப் பார்க்கும் முதல் நொடியே கடைசி நொடியாகிவிடும். வேகத்தைக் கணிக்கும் திறமை அந்த வயதில் இருக்காது. “பார்த்துப் போ” என்று எத்தனை தடவை சொன்னாலும் அது வராது.

அதனால் குழந்தைகளுக்கு அறிவுரை சொல்வதைவிடப் பெரியவர்கள் வழியைத் திட்டமிடுவதுதான் பலன் தரும். தெருவின் ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு, முனைக்குப் போய், கிராஸிங்கில் ஒரே ஒரு முறை கடந்து, மறுபக்கம் திரும்பி வாருங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கடப்பதே கூடாது. சின்னவர்கள் ஐந்து மணிக்கே கிளம்பி வெளிச்சம் இருக்கும்போதே பாதியை முடித்துவிடலாம். 12 வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு பெரியவர் கூடவே போகவேண்டும், போனில் பேசாமல். அங்கியின் முதுகிலும் மிட்டாய்ப் பையிலும் ஒளி பிரதிபலிக்கும் டேப்பை ஒட்டுங்கள். ஹார்டுவேர் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். முகமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கிறது. அதற்குப் பதில் முகத்தில் வண்ணம் தீட்டலாம், தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு. அங்கி கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். அன்று மாலை கார் எடுக்க வேண்டியிருந்தால், வீட்டு டிரைவ்வேயிலிருந்து பின்னால் எடுக்கும்முன் ஒருவர் இறங்கி நின்று பார்க்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

ரோட்டை விட்டு வீட்டு வாசலுக்கு வருவோம். பரங்கிக்காயைக் குடைந்து உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். 2024-இல் ஹாலோவீனும் தீபாவளியும் ஒரே நாளில் வந்தபோது நம் வீட்டு வாசல்களில் பரங்கிக்காயும் அகல் விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மெல்லிய பாலியஸ்டர் கேப், தரையில் புரளும் பாவாடை, செயற்கை முடி எல்லாம் நெருப்பைத் தொட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும். உருகிய பாலியஸ்டர் தோலோடு ஒட்டிக்கொள்வதால் காயம் ஆழமாக இறங்கும். உடை வாங்கும்போது தீ எளிதில் பிடிக்காது என்ற லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் வரும் வழியில் அகலை வைக்காதீர்கள், ஜன்னல் திட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

“அதுக்குத்தான் டாக்டர் எல்.இ.டி. விளக்கு வாங்கிட்டோம்” என்பார்கள். நல்லதுதான். நானும் அதையே சொல்கிறேன். ஆனால் அந்தக் குட்டி விளக்கைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா?

அடியில் ஒரு மூடி. அதற்குள்ளே பளபளவென்று ஒரு பட்டன் பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032 என்று எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம். குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு.

ஒரு ஹாலோவீனுக்கு மறுநாள் இரண்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பதி வந்தார்கள். “காலையிலேர்ந்து எதுவுமே சாப்பிட மாட்டேங்கறான் டாக்டர், தொண்டை வலிபோல” என்றார் அம்மா. சட்டையின் முன்பக்கம் முழுக்க எச்சிலில் நனைந்திருந்தது. காய்ச்சல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை. எக்ஸ்ரேயில் கழுத்துக்குக் கீழே வட்டமாக ஒன்று. ஓரத்தில் இன்னொரு மெல்லிய வளையம். காசுக்கு அந்த உள்வளையம் இருக்காது, பேட்டரிக்கு மட்டும்தான் இருக்கும். படத்தைக் காட்டி, “வீட்ல எல்.இ.டி. விளக்கு வச்சிருந்தீங்களா சார்?” என்று கேட்டபோது அப்பாவின் முகம் மாறியது. முந்தின நாள் பரங்கிக்காயிலிருந்து எடுத்த விளக்கைப் பையன் கையில் விளையாடக் கொடுத்திருக்கிறார்கள். உடனே மயக்கம் கொடுத்து, வாய்வழியாகக் கேமராக் குழாய் விடும் எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்தோம். உணவுக்குழாய்ச் சுவர் கறுத்திருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் வாய்வழியாகச் சாப்பிட விடப் பல நாள் ஆனது.

ஈரமான சதையின் நடுவில் மாட்டிய பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்கிறது. எதிர்மின் பக்கத்தில் காரம் உண்டாகிச் சதையை அரிக்கத் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்தில் கடுமையான புண் வந்துவிடும். பேட்டரியை எடுத்த பிறகும் புண் ஆழமாகிக்கொண்டே போய், பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாயைத் தொட்டால் உயிர் போகும். விளக்கு எரியவில்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அலட்சியம் வேண்டாம். பழைய பேட்டரியிலும் அரிக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும்.

டெக்சாஸில் ரீஸ் என்ற 18 மாதக் குழந்தை 2020-இல் இப்படித்தான் இறந்தது. அதன் தாய் விடாமல் போராடியதன் பலனாக 2022-இல் ரீஸ் சட்டம் வந்தது. பட்டன் பேட்டரி உள்ள பொருள்களில் குழந்தை திறக்க முடியாதபடி மூடி இருக்கவேண்டும் என்கிறது அது. ஆனால் சட்டத்துக்கு முன்னால் வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்திருக்கும் விளக்குகளும், ஆன்லைனில் எங்கிருந்தோ வரும் மலிவு விளக்குகளும் நம் வீடுகளில் நிறைய. மின்னும் மோதிரம், ஒளிரும் வாள், கண் சிமிட்டும் சிலந்தி இவற்றிலும் பெரும்பாலும் பட்டன் பேட்டரிதான். ஸ்க்ரூ இல்லாத மூடி என்றால் அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

குழந்தை பேட்டரியை விழுங்கியிருக்கும் என்று சந்தேகம் வந்தாலே எமர்ஜென்சிக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள்தான் இருக்கும் என்றால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு தடவை. தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து அரிப்பை மெதுவாக்கும். தேனைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் அப்படியே கிளம்புங்கள். ஒரு வயதுக்குள் என்றால் தேன் கூடவே கூடாது.

அப்புறம், பேசத் தயங்கும் ஒரு விஷயம். கஞ்சா சேர்த்த, ஜெல்லி போன்ற ‘கம்மி’ (gummy) மிட்டாய்கள் இப்போது பல மாநிலங்களில் கடையில் சட்டப்படி விற்கப்படுகின்றன. பார்க்க சாதாரண மிட்டாய் மாதிரியே இருக்கும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் இவற்றைத் தின்றதாக அமெரிக்க விஷ முறிவு மையங்களுக்கு 2017-இல் வந்த அழைப்புகள் 207. 2021-இல் 3,054. பெரும்பாலும் யாரோ கொடுத்ததல்ல, வீட்டு அலமாரியில் இருந்தது. தூக்கமாகத் தொய்ந்து விழுவது, நடக்கும்போது தள்ளாடுவது, வாந்தி, வேகமான நாடித்துடிப்பு எல்லாம் வரும், சிலருக்கு மூச்சும் மந்தமாகிவிடும். தின்று ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்பதால் காரணம் பிடிபடாது. வீட்டில் யாராவது வைத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால் மூளைக் காய்ச்சலோ என்று முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும் வரைக்கும் போகவேண்டி வரும். உங்களைப் பற்றி நாங்கள் என்ன நினைப்போமோ என்ற கவலை அந்த நேரத்தில் வேண்டாம்.

நான்கு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குக் கெட்டி மிட்டாய், முழுக் கடலை, பாப்கார்ன் கொடுக்காதீர்கள். அந்த வயதில் மூச்சுக்குழாய் அதன் சுண்டுவிரல் அளவுதான். தொண்டையில் மாட்டினால் கண்ணுக்குத் தெரியாததைத் துழாவ வாய்க்குள் விரல் விடாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். பாட்டி தாத்தா ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள், பேரன் அழுதால் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது முதலில் அவர்கள்தான். கடலை ஒவ்வாமை இருக்கும் பிள்ளை என்றால், சின்னச் சின்ன சாக்லேட்டின் உறையில் பல சமயம் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்காது. எழுதியில்லாததைக் கொடுக்க வேண்டாம், கடும் ஒவ்வாமைக்குப் போடும் எபினெஃப்ரின் ஊசியை உங்கள் பையிலேயே வையுங்கள். நீலப்பச்சை நிறப் பரங்கிக்காய் வைத்த வீட்டில் தின்பண்டத்துக்குப் பதிலாகப் பென்சில், ஸ்டிக்கர் மாதிரிப் பொருள்களும் இருக்கும். உணவு ஒவ்வாமை அமைப்பான ஃபேர் 2014 முதல் நாடு முழுவதும் பரப்பி வரும் அடையாளம் அது. உங்கள் வாசலிலும் ஒன்று வைக்கலாம்.

பெரிய பிள்ளைகள் கேட்கும் பூனைக்கண், ரத்தக்கண் கான்டாக்ட் லென்ஸுக்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அளவு பார்க்காமல் போட்ட லென்ஸ் கருவிழியைக் கீறி, கிருமி ஏறி, பார்வையையே கெடுக்கும். கண் டாக்டரின் சீட்டு இல்லாமல் அதை விற்பதே அமெரிக்காவில் சட்டவிரோதம்.

கடைசியாக, இந்த எண்ணை வீட்டில் இருக்கும் எல்லோருடைய போனிலும் இப்போதே ஏற்றிவிடுங்கள். அமெரிக்காவில் விஷ முறிவு மையம் 1-800-222-1222, கனடாவில் (கியூபெக் தவிர) 1-844-764-7669. இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள், கட்டணம் இல்லை. குழந்தை மூச்சுவிடத் திணறினாலோ நினைவில்லாமல் கிடந்தாலோ அங்கே கூப்பிடாமல் நேரே அவசர உதவி எண் 911. அமெரிக்க மையத்தில் மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ ஆங்கிலம் வராது என்றால், போன் எடுத்ததும் “தமிழ்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு லைனிலேயே இருக்கச் சொல்லிக் கொடுங்கள்.