'சிஸ்டம் நீக்கிடுச்சு' என்பது காரணம் ஆகாது

ரேஷன் கார்டோ முதியோர் ஓய்வூதியமோ திடீரென நின்றுபோய், அலுவலகத்தில் கேட்டால் "சிஸ்டமே நீக்கிடுச்சு, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். மென்பொருள் எடுத்த முடிவும் அரசின் ஆணைதான். அதற்கு ஓர் அதிகாரி பொறுப்பேற்றே ஆக வேண்டும்.

தெலங்கானாவில் 2014 முதல் 2019 வரை 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கார்டுகள் ரத்தாயின. அங்கே பயன்பட்ட 'சமக்ர வேதிகா' மென்பொருள், பல துறைகளின் பதிவுகளில் உள்ள பெயர், முகவரிகளை ஒப்பிட்டு 'இவரிடம் கார் இருக்கிறது' என்பது போன்ற முடிவுக்கு வரும். சிக்கல் அந்த ஒப்பீட்டில்தான். லட்சுமி என்ற பெயரையே ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறோம். எவ்வளவு ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று கொள்வது? அந்த அளவைத் தளர்த்தினால் யாருடைய காரோ உங்கள் கணக்கில் ஏறும். இறுக்கினால் தகுதியில்லாதவர் தப்புவார். 1 கோடி குடும்பங்களில் 1 சதவீதம் பிசகினாலும் 1 லட்சம் வீடுகளுக்கு அரிசி நிற்கும். இந்த அளவை முடிவுசெய்யும் பொறுப்பை மென்பொருள் நிறுவனத்திடம் விட்டுவிடுவது பெரிய தவறு. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ரத்தான கார்டுகளைக் கள ஆய்வு செய்து சரிபார்க்கச் சொன்னது.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் எழுத்தில் கேளுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு நிர்வாக முடிவின் காரணத்தைத் தெரிவிப்பது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(டி) பிரிவுப்படி அலுவலகத்தின் கடமை. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, எந்தத் துறையின் எந்தப் பதிவு என்னோடு பொருத்தப்பட்டது, அது எந்தத் தேதியில் எடுத்த தரவு, எதை வைத்து அது நான்தான் என்று கொண்டீர்கள், ரத்துக்கு ஒப்புதல் தந்த அதிகாரியின் பதவி என்ன, எனக்கு நோட்டீஸ் அனுப்பியதற்கான சான்று எங்கே என்று கேளுங்கள். மென்பொருளின் நிரல் வேண்டும் என்று மட்டும் தொடங்காதீர்கள். வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுப்பார்கள், மாதங்கள் ஓடிவிடும். உங்களைப் பற்றிய பதிவுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ரேஷன் விஷயத்தில் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-இன் 15-ஆவது பிரிவின்கீழ் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரிடம் அன்றே புகார் கொடுக்கலாம். அவர் முடிவு திருப்தி தராவிட்டால் மாநில உணவு ஆணையம் இருக்கிறது.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் நிலை வந்தால், ரத்து ஆணையின் நகல் முக்கியம். ஆணையில் எழுதப்பட்ட காரணத்தை வைத்தே அது செல்லுமா என்று பார்க்க வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்க முடியாது என்பது மொகிந்தர் சிங் கில் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. காரணம் எழுதிய ஆணையே இல்லையென்றால், அதுவே உங்கள் முதல் வாதம். விசாரணை முடியும்வரை பொருள் வழங்க இடைக்கால உத்தரவும் கேளுங்கள். 'ரத்து' என்று காட்டும் இணையப் பக்கத்தைத் தேதி தெரியும்படி அன்றைக்கே படமெடுத்து வையுங்கள். பிறகு அந்த வாசகம் மாறிவிடலாம்.