பென்சாய்தென்: நாமகளா, திருமகளா?

ஜப்பானியர் வணங்கும் சரஸ்வதியின் பெயர் பென்சாய்தென். பேச்சில் சுருக்கமாக 'பென்தென்'. பெங்களூரில் வரும் 'பெ' ஒலிதான் இதிலும்.

பெயரில் மூன்று எழுத்துகள். பென்: சொல்வன்மை. சாய்: திறமை. தென்: வானம், பௌத்த நூல்களில் 'தேவ' என்ற வடசொல்லுக்கு ஈடாக வரும் எழுத்து. ஆக இது சீனர்கள் பொருளைப் பெயர்த்து வைத்த பெயர். இ-சிங் என்ற சீனத் துறவி 703இல் சீனத்தில் பெயர்த்த பொன்னொளிச் சூத்திரம் என்ற பௌத்த நூலில் இவள் இந்தப் பெயரோடு வருகிறாள். அங்கே எட்டுக் கை: வில், அம்பு, வாள், வேல், கோடரி, உலக்கை, சக்கரம், பாசம். வீணை இல்லை! பழைய ஒலியைக் கேட்க வேண்டுமானால் மந்திரத்துக்குப் போக வேண்டும்: 'ஓன் சொரசொபதெய்எய் சொவக்கா'. 'ஓம் சரஸ்வத்யை ஸ்வாஹா' ஜப்பானிய நாக்கில் இப்படி ஆகிவிட்டது.

குழப்பம் நடு எழுத்தில். திறமை, செல்வம் இரண்டுக்குமே ஜப்பானியத்தில் 'சாய்' என்ற ஒலி உண்டு. இடைக்காலத்தில் 'செல்வ' எழுத்தை இட்டு எழுதத் தொடங்கினார்கள். கலைத்தெய்வம் காசுத்தெய்வமும் ஆனாள். காமகுரா நகரின் செனியராய் பென்தென் கோயில் குகையில் சில்லறையை மூங்கில் கூடையில் இட்டு ஊற்று நீரால் கழுவுகிறார்கள். நோட்டு என்றால் ஓரத்தை மட்டும் நனைத்தால் போதும்.

இதைப் பார்த்துத் தமிழில் 'ஜப்பானிய லட்சுமி' என்று எழுதுவது பிழை. லட்சுமிக்கு அங்கே கிச்சிஜோதென் என்று தனிப்பெயர் இருக்கிறது. பென்சாய்தென்னுக்கு நேர்த் தமிழ் நாமகள். முதல் எழுத்தின் பொருள் அப்படியே வந்துவிடுகிறது. கலைமகள் என்பதும் தவறில்லை, ஆனால் அது இசைக்கருவி ஏந்திய இரு கை வடிவத்துக்கே கூடுதலாகப் பொருந்தும்.

அந்தக் கருவியை வீணை என்று எழுதிவிடாதீர்கள். அது பிவா என்ற ஜப்பானியத் தந்திக்கருவி. அரசவை இசைக்கான பிவாவில் நான்கு தந்தி, நான்கு மெட்டு (தந்தியை அழுத்தும் இடத்துக் கட்டை). சிறிய, மெல்லிய தகட்டால் மீட்டுவார்கள். நம் வீணையில் ஏழு தந்தி, 24 மெட்டு.

கோயில் எங்கே என்று தேடினால் தண்ணீர் இருக்கும் இடம் பாருங்கள்: எனோஷிமா தீவு, பிவா ஏரியின் சிகுபு தீவு, டோக்கியோ உயேனோவின் ஷினோபாசு குளம். சரஸ்வதி ஆறாக இருந்தது சீனம் வழியே போயும் மறக்கவில்லை. சில இடங்களில் பெயர்ப்பலகையில் இச்சிகிஷிமாஹிமே என்ற ஷிந்தோ தெய்வத்தின் பெயர் இருக்கும். 1868இல் அரசு ஜப்பானின் சொந்தச் சமயமான ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது மாறிய பெயர் அது. சிலையின் தலைமேல் சிறு தோரி வாயிலும் (ஷிந்தோ கோயில் முன் நிற்கும் வளைவு), கிழவர் முகம் கொண்ட சுருண்ட பாம்பும் இருந்தால் அது உகா பென்சாய்தென்.