எத்தனை நாள் தாங்கணும்? அதைச் சொல்லுங்க, அப்புறம் கவர் பத்திப் பேசலாம்

போன வாரம் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கவர் விஷயமா யோசனை கேட்டு எங்கிட்ட வந்திருந்தாங்க. வீட்டுலயே முறுக்கு, தட்டை போட்டு விக்கிறவங்க, நாலு வருஷமா பழக்கம். ஒரு பாக்கெட்ட மேஜை மேல வெச்சு "மோந்து பாரு கண்ணு"ன்னாங்க. பிரிக்கவே தேவைப்படல. கவருக்கு வெளியிலயே எண்ணெய் ஊறித் திட்டுத்திட்டா இருக்கு, சிக்கு வாடை ரூம் பூரா அடிக்குது. கடைங்கள்ல இருந்து திரும்பி வந்தது 45 கிலோ. அத்தனையும் குழி தோண்டிப் போட்டு மூடிட்டு வந்திருக்காங்க.

என்ன ஆச்சுன்னா, வாட்ஸ்அப்ல ரெண்டு கஸ்டமர் "இன்னுமா பிளாஸ்டிக்ல போடுறீங்க, பேப்பருக்கு மாறுங்க"ன்னு சொல்லியிருக்காங்க, இவங்களும் நல்ல மனசோட வெறும் காக்கிப் பேப்பர் கவருக்கு மாறிட்டாங்க. நாலு நாள்ல தீந்துபோற சரக்குன்னா மாறினதுல ஒரு தப்பும் இல்ல. இது ஒரு மாசம் கடை ஷெல்ஃபுல இருக்க வேண்டியது. எண்ணெயில பொரிச்சத காத்தாட வெச்சா என்ன ஆகும்னு முறுக்கு சுடுறவங்களுக்கு நான் சொல்லித்தரணுமா என்ன, ஆனா "பேப்பர்னா நல்லது"ன்னு நாலு பேர் சொன்னதும் கையில இருக்கிற அனுபவத்தையே மறந்துடுறாங்க. இந்த வருஷம் எங்கிட்ட வர்ற ஆறாவது கேஸ் இது. அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

ஒரு சின்னக் கணக்கு. 45 கிலோங்கிறது 200 கிராம் பாக்கெட்டா 225. அவங்க முன்னாடி போட்டுட்டிருந்த பிளாஸ்டிக் கவர் ஒண்ணு 6 கிராம்னு வெச்சாலும் மொத்தம் 1,350 கிராம். ஒன்றரை கிலோகூட வராத பிளாஸ்டிக்க மிச்சம் பிடிக்கப் போயி 45 கிலோ பலகாரம் மண்ணுக்குள்ள. அதுக்குள்ள போன அரிசி, அரிசிக்குப் பாய்ச்சின தண்ணி, எண்ணெய், கேஸ், அடுப்பு முன்னாடி நின்ன நாலு பேரோட உழைப்பு எல்லாம் சேர்ந்து போச்சு. 2022-ல மட்டும் உலகம் பூரா வீடு, ஹோட்டல், கடைகள்ல வீணான சாப்பாடு 105 கோடி டன்னு ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குச் சொல்லுது. சாப்பாடு வீணாப்போறதும் சுற்றுச்சூழலுக்குக் கேடுதாங்க, அத யாரும் கணக்குல சேக்கிறதே இல்ல.

உடனே பிளாஸ்டிக் கம்பெனிக்காரன் மாதிரி பேசுறேன்னு நினைக்காதீங்க. ஓடைக்குள்ளயும் மாட்டு வயித்துக்குள்ளயும் அது கிடக்கிறதப் பாத்து வயிறு எரியிற ஆளுதான் நானும். அதனாலதான் இதுக்கு அடுத்து நடந்தது எனக்கு இன்னும் கோவம்.

முறுக்கு கெட்டுப்போன உடனே கவர் சப்ளையர் ஒருத்தர் வந்து "இது ஈகோ ஃப்ரெண்ட்லி கவருங்க, பேப்பரு, ஆனா எண்ணெய் ஊறாது"ன்னு பிரவுன் கலர் கவர் 2,000 வித்துட்டுப் போயிருக்கார். பழைய கவரவிட ரெண்டு மடங்கு விலை. முன்பக்கம் பச்சை இலை படம், கீழ "பிளாஸ்டிக் இல்லாத பேக்கிங்"னு பிரிண்ட் வேற. அக்காவுக்கு அதுல அவ்ளோ சந்தோஷம். நான் ஒரு கவர எடுத்துத் தண்ணியில ஊறப்போட்டு, ஓரத்தக் கிள்ளி மேல் பேப்பர உரிச்சுக் காட்டினேன். உள்ள வழவழன்னு பிளாஸ்டிக் ஷீட்டு. அவங்க முகம் போன போக்கு இன்னும் கண்ணுலயே இருக்கு.

இத நல்லாக் கேட்டுக்கோங்க, ஏன்னா படிச்சவங்களே இதுலதான் ஏமாறுறாங்க. எண்ணெயும் ஈரமும் ஊறாம நிக்குற பேப்பர் கவர்ல பெரும்பாலும் உள்ள பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும், சிலதுல அலுமினிய ஃபாயிலும் சேர்ந்து மூணு லேயர். காபி கலர்ல இருந்தா இயற்கைன்னு அர்த்தம் கிடையாது. சணல் கயிறு கட்டினாலும் கிடையாது. இலை படம் போட்டாலும் கிடையாது. பேப்பரும் பிளாஸ்டிக்கும் ஒட்டிப்போச்சுன்னா பேப்பர் ரீசைக்கிள் பண்றவரும் எடுக்க மாட்டார், பிளாஸ்டிக் பண்றவரும் எடுக்க மாட்டார், சாதா பிளாஸ்டிக் கவருக்கு இருக்கிற கதிமோட்சம்கூட அதுக்கு இல்ல. டீக்கடை பேப்பர் கப்பும் இதே கதைதான். 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல தடை பண்ணின 14 பொருள்ல பிளாஸ்டிக் கோட்டிங் உள்ள பேப்பர் கப்பும் ஒண்ணு, 2023-ல உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை சரின்னு சொல்லிருச்சு. இன்னமும் "பிளாஸ்டிக் கப் வேண்டாம், பேப்பர் கப்ல குடுங்க"ன்னு பெருமையா கேட்டு வாங்குறோம். கண்ணாடி கிளாஸ்ல வாங்கிக் குடிங்க, புண்ணியமாப் போகும்.

சோளத்துல செஞ்ச கவர்னு ஒண்ணு விக்கிறாங்க. அதுல உள்ள பிஎல்ஏ (சோள மாவுச்சத்துல இருந்து செய்யிற பிளாஸ்டிக்) வகை மக்கணும்னா கிட்டத்தட்ட 60 டிகிரி சூடு விடாம இருக்கிற பெரிய கம்போஸ்ட் யார்டு வேணும். உங்க ஊர் சாக்கடையில அந்தச் சூடு இருக்கா?

எங்கிட்ட யார் வந்தாலும் நான் முதல்ல கேக்கிறது, இந்தச் சரக்கு எத்தனை நாள் தாங்கணும்? பாதிப் பேருக்குப் பதிலே தெரியாது. பத்து நாள்ல வித்துடுற சரக்குக்கு ஆறு மாசம் தாங்குற மூணு லேயர் கவர் போடுறாங்க, ரெண்டு மாசம் இருக்க வேண்டியதுக்கு வெறும் பேப்பர்.

ஒரு மணி நேரத்துல சாப்பிடப்போற இட்லிக்கும் சாம்பாருக்கும் பிளாஸ்டிக்கே தேவையில்ல, தூக்குச்சட்டி எடுத்துட்டுப் போங்க. கொதிக்கிற சாம்பார மெல்லிசு கவர்ல ஊத்திக் கட்டுறத தயவுசெஞ்சு நிறுத்துங்க ஹோட்டல்காரங்களே. டப்பாதான் வேணும்னா அடியில முக்கோணத்துல 5-ன்னு இருக்கிற பிபி டப்பா சூடு தாங்கும், 1-ன்னு இருக்கிற பெட் (தண்ணி பாட்டில் செய்யிற பிளாஸ்டிக்) டப்பாவுல சூடா எதையும் ஊத்தக்கூடாது. பஜ்ஜிய நியூஸ் பேப்பர்ல வெச்சுப் பிழியிறதும் வேண்டாம், அந்த மை வயித்துக்குள்ள போகுது. வாழை இலையும் மந்தார இலையும் இந்த ஊர்லதான இருக்கு.

ஒரு வாரம், பத்து நாள் சரக்கா, பக்கத்து ஊருக்குள்ளயே விக்கிறீங்களா? டின்னுல போட்டு அனுப்புங்க, காலி டின்ன திருப்பி வாங்கிக்கோங்க. நீலகிரியில 2022-ல டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கி, காலி பாட்டில் வந்தா திருப்பிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு முடியும்னா நம்ம ஊறுகாய் பாட்டிலுக்கும் முறுக்கு டின்னுக்கும் முடியும்.

மாசக்கணக்கா இருக்கணும், கூரியர்ல போகணும்னா பிளாஸ்டிக் போடுங்க, மனசு உறுத்த வேண்டாம். ஆனா முடிஞ்சவரைக்கும் ஒரே வகை பிளாஸ்டிக்ல இருக்கிற கவரா கேட்டு வாங்குங்க. பால் கவர் ஒரே வகை, அதனாலதான் கழுவிச் சேத்து வெச்சா காயலான் கடையில காசு குடுத்து எடுக்கிறாங்க. பல லேயர் ஒட்டியிருக்கிற சிப்ஸ் கவர சும்மா குடுத்தாலும் வேண்டாம்பாங்க. வாங்குறதுக்கு முன்னாடி சாம்பிள் ஒண்ண அந்தக் கடையிலயே காட்டிக் கேளுங்க, எந்த லேப் ரிப்போர்ட்டவிடவும் அவர் சொல்றது உங்களுக்கு உபயோகப்படும். (அஞ்சு ரூபா பத்து ரூபா சாஷேவ விட்டு அரைக்கிலோ பாக்கெட் போட்டா குப்பை தானா குறையும், அத எந்தப் பெரிய கம்பெனியும் கேக்கப் போறதில்ல, நீங்களாவது கேளுங்க.)

கஸ்டமர்ங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சின்னதா தொழில் பண்றவங்கள "பேப்பருக்கு மாறு"ன்னு மெசேஜ் போட்டு விரட்டாதீங்க. "டப்பா கொண்டு வந்தா குடுப்பீங்களா"ன்னு கேளுங்க. அவங்களுக்கும் கவர் காசு மிச்சம்.

அக்கா இப்ப கோபிக்குள்ள போற சரக்க டின்னுக்கு மாத்தியிருக்காங்க. மிச்சம் இருக்கிற பிரவுன் கவரத் தூக்கிப் போட்டுடலாமான்னு கேட்டாங்க. வேண்டாம்க்கா, காசு குடுத்து வாங்கினது, கூரியருக்கு வெச்சு முடிங்க, "பிளாஸ்டிக் இல்லாத"ங்கிற வரி மேல மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுங்கன்னு சொல்லியிருக்கேன்.