வெக்கையில் வெந்துபோகும் வைன்

விருந்தினர் ஒரு வைன் போத்தலைத் திருப்பி அனுப்பினால் நம் ஹோட்டல்களில் ஒரே தீர்ப்புத்தான்: "பேர் தெரியாத திராட்சை, அதுதான் இப்படி." கிழக்கிலங்கையின் பாசிக்குடாவில், ஹோட்டலின் பரிமாறும் பகுதியில் வேலை செய்துகொண்டு, புதிதாகச் சேரும் பிள்ளைகளையும் பழக்கிவரும் எனக்கு இந்தத் தீர்ப்பைக் கேட்க மனம் பொறுப்பதில்லை. அப்படித் திரும்பிவரும் போத்தல்களை நான் எடுத்துப் பார்ப்பதுண்டு. தக்கை கழுத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். மேலுறையைக் கழற்றினால் உள்ளே பிசுக்கு. மணந்தால் பழ வாசனை வராது, வற்றக் காய்ச்சிய ஜாமின் மணம் வரும். திராட்சையிலும் பிழையில்லை, செய்தவரிலும் பிழையில்லை. அந்த வைனை நாம்தான் அவித்துவிட்டோம்.

வாழைச்சேனை, கல்குடா, பொத்துவில், திருக்கோவில் பக்கங்களிலிருந்து ஹோட்டல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும், வைன் வாங்கி வைக்கும் மேலாளர்களுக்குமாகவே இதை எழுதுகிறேன். குடிக்கச் சொல்லி யாரையும் தூண்டுவது என் எண்ணமில்லை. புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் மதுவைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் வெளிப்படையாகவே சொன்னது. 12 வீத மதுசாரம் உள்ள 750 மில்லிலீற்றர் போத்தலில் ஏறக்குறைய 70 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. பரிமாறுகிறவர் இந்தக் கணக்கை மனதில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் போதுமான அளவு குடித்துவிட்டார் என்று தெரிந்தால் மேசைக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோவதும் நம் தொழில்தான்.

சரி, பெயர் தெரியாத திராட்சை என்றால் என்ன?

வைன் செய்ய உதவும் திராட்சை இனங்கள் ஆயிரத்துக்கும் மேல். ஆனால் சர்வதேச திராட்சை மற்றும் வைன் அமைப்பு 2017இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: உலகத் திராட்சைத் தோட்டங்களின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் 13 இனங்கள்தான். 33 இனங்களைச் சேர்த்தால் பாதிப் பரப்பு முடிந்துவிடும். மிச்சம் நூற்றுக்கணக்கான இனங்கள் எங்கோ மலைச்சரிவில், தீவில், யாரோ ஒரு குடும்பத்தின் சின்னத் தோட்டத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அம்பாறை வயல்களை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. கூடுதலாக விளையும் புதிய நெல் வந்த பிறகு பச்சைப்பெருமாள் எத்தனை வயல்களில் மிஞ்சியது?

திராட்சையில் இந்த ஒடுக்கத்துக்கு ஒரு பூச்சியும் காரணம். வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்சரா என்னும் சிறு பூச்சி 1860களில் பிரான்சில் தலைகாட்டி, வேரை உறிஞ்சி, ஐரோப்பியத் தோட்டங்களைச் சுடுகாடாக்கியது. அமெரிக்கத் திராட்சையின் வேர்க்கட்டையில் ஒட்டுப்போட்டுத்தான் மீண்டார்கள். மறுபடி நடும்போது விளைச்சல் நிச்சயமானதையும் சந்தையில் பெயர் எடுத்ததையும் நட்டார்கள். பிடிவாதமான, காய்ப்புக் குறைந்த இனங்கள் பல அப்படியே கைவிடப்பட்டன.

அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் சின்ன வைன் தயாரிப்பாளர்களுக்குப் பெரிய பங்குண்டு. இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில் டிமொராசோ என்ற வெள்ளைத் திராட்சை ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. 1980களில் வால்டர் மாசா என்ற தோட்டக்காரர் அதை விடாமல் வளர்த்துப் போத்தலில் அடைத்தார். பிறகு அக்கம்பக்கத்தாரும் நட்டார்கள். சிலியில் கதை வேறு. அங்கே மெர்லோ என்ற கறுப்புத் திராட்சை என்று நினைத்து வளர்த்த கொடிகளில் பெரும்பங்கு, பிரான்சில் கிட்டத்தட்ட அற்றுப்போன கார்மெனேர் என்ற வேறோர் இனம் என்று 1994இல்தான் தெரியவந்தது. ஜோன்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சுத் திராட்சை ஆய்வாளர் கொடியைப் பார்த்தே கண்டுபிடித்தார். ஜோர்ஜியாவில் ஏறத்தாழ ஐந்நூறு உள்ளூர் இனங்கள் உண்டு. அங்கே மண்ணில் புதைத்த பெரிய சாடிகளில் நொதிக்க விடும் முறையை 2013இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

எனக்கு மிகப் பிடித்தது கிரேக்கத்தின் சன்டொரினித் தீவு. மணலும் எரிமலைச் சாம்பலும் கலந்த மண், மழை அருமை, காற்றோ ஓயாது. அங்கே அசிர்டிகோ என்ற வெள்ளைத் திராட்சையின் கொடியைக் கூடைபோல வட்டமாக முறுக்கித் தரையோடு வளர்க்கிறார்கள். காய்கள் கூடைக்குள்ளே, காற்றுப் படாமல். அந்த மண்ணில் ஃபிலொக்சரா பிழைக்காது. போர்த்துக்கலின் கொலாரெஸ் கடற்கரையிலும் இப்படித்தான், ராமிஸ்கோ என்ற கறுப்புத் திராட்சை மணலில் நின்று தப்பியது. கடற்கரை மணலில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு இடங்களையும் சொல்லிக்கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். பெரிய பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னால்தான் திணறுகிறார்கள்.

இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய ஒரு திராட்சை நம்மிடம் வந்து சாகிறது என்பதுதான் என் கவலை.

சின்னத் தயாரிப்பாளர்கள் பலர் சல்பைட்டைக் குறைவாகச் சேர்ப்பார்கள், வடிகட்டாமலும் அடைப்பார்கள். சல்பைட்தான் வைனை ஒட்சியேற்றத்திலிருந்தும் கிருமியிலிருந்தும் காப்பது. அது குறைந்தால் வைனுக்கு வெக்கையைத் தாங்கும் சக்தியும் குறையும். வைனை வைக்க உகந்தது 12 முதல் 15 பாகை செல்சியஸ். 25ஐத் தாண்டினால் பழ மணம் வேகமாகத் தேயத் தொடங்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டக்களப்பின் பகல் 33, 34 பாகைக்குப் போகிறது. தகரக் கூரைக்குக் கீழே உள்ள களஞ்சிய அறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுற்றுலாக் காலமும் அதே மாதங்கள்தான்.

நிலையான சூடு மட்டுமல்ல, ஏறி இறங்கும் சூடும் கொடியது. சூடேறினால் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும். குளிர்ந்தால் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இரவில் ஏசியைப் போட்டுப் பகலில் நிறுத்தும் ஹோட்டல்களில் இது தினமும் நடக்கிறது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது ஜெனரேட்டரில் மீன் ஃப்ரீசரை ஓட்டியவர்கள் உண்டு, வைன் அறையை யாரும் நினைக்கவில்லை. அதற்கு முன்பே லொறி இருக்கிறது. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பகல் முழுக்கத் தார்ப்பாய்க்குக் கீழே வெந்த பெட்டியை நாம் கையெழுத்துப் போட்டு வாங்குகிறோம். அனுப்புகிறவரிடம் இரவு லொறியில் ஏற்றச் சொல்லுங்கள். இறக்கும்போது ஒரு போத்தலையாவது தூக்கித் தக்கையைப் பாருங்கள், துருத்தியிருந்தால் அங்கேயே திருப்பிவிடுங்கள்.

வைப்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கட்டடத்தின் நடுவில், மேற்கு வெயில் படாத, சமையலறையை ஒட்டாத ஓர் அறை. ஜன்னலை மூடிவிடுங்கள், ஏனென்றால் வெளிச்சமும் வைனைக் கெடுக்கும், அதிலும் நிறமில்லாத போத்தலில் இருப்பது விரைவில் கெடும். தக்கை போட்டவற்றைப் படுக்க வையுங்கள். ஒரு சின்ன ஏசி, இரவும் பகலும் ஒரே அளவில். அதற்கும் வழியில்லை என்றால் ஒரு வைன் பிரிட்ஜ் வாங்கி, அதில் கொள்ளும் அளவுக்கு மட்டும் வைன் வாங்குங்கள். வரவேற்பறை அலுமாரியில் அழகுக்கு அடுக்கி வைத்த போத்தலை விருந்தினருக்குத் திறக்கவே கூடாது. வெற்றுப் போத்தலை வைத்து அழகு பார்க்கலாமே.

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று பழைய பயிற்சிக் குறிப்புகளில் இருக்கும். அது ஐரோப்பாவின் குளிர் அறையை வைத்துச் சொன்னது. நமக்கு 15 முதல் 18 பாகை என்று எண்ணால் சொல்லிக்கொடுப்பதே சரி. வெள்ளைக்கு 8 முதல் 12. ஐஸ் வாளியில் வெறும் ஐஸை நிரப்பினால் நேரம் எடுக்கும். பாதி தண்ணீர், பாதி ஐஸ், ஒரு பிடி உப்பு என்றால் கால் மணித்தியாலத்தில் குளிர்ந்துவிடும்.

அடுத்தது, கெட்டதையும் கெடாததையும் பிரித்தறிவது. சின்னத் தயாரிப்பாளரின் வெள்ளை வைன் கொஞ்சம் கலங்கலாக இருக்கலாம், வடிகட்டாததால். ஜோர்ஜியாவில் வெள்ளைத் திராட்சையில் செய்யும் சாடி வைன் தோலோடு ஊறுவதால் செம்மஞ்சள் நிறம், பழசாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அடியில் கண்ணாடித் துகள்போல மின்னுவது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, தீங்கில்லை. இவற்றை விருந்தினர் கேட்பதற்கு முன்பே நாம் சொல்லிவிட வேண்டும். ஆனால் நனைந்த அட்டைப்பெட்டி மணம் வந்தால் அது தக்கைக் கோளாறு. உடம்புக்குக் கெடுதி இல்லாவிட்டாலும் வைன் போய்விட்டது, மறுபேச்சின்றி மாற்றிக்கொடுங்கள். வினாகிரி மணத்துக்கும், நான் முதலில் சொன்ன ஜாம் மணத்துக்கும் அதே முடிவுதான்.

ஏறாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் பயிற்சியின்போது கேட்டார்: "அண்ணா, நான் குடிக்க மாட்டன். எனக்கு இது சரிவருமா?" வரும். இந்தத் தொழிலில் நாக்கை விட மூக்குக்குத்தான் வேலை அதிகம். ஏலக்காய், கறிவேப்பிலை, பழுத்த மாம்பழம், தேசிக்காய்த் தோல், நனைந்த மண் என்று மணங்களைப் பெயர் சொல்லிப் பழகினவருக்குக் கோப்பையை மணந்தாலே பாதி தெரிந்துவிடும். மீதி லேபிள் படிப்பதில் இருக்கிறது: எந்த இனம், எந்த ஊர், எந்த ஆண்டு, மதுசாரம் எத்தனை வீதம். போத்தலைத் தொடவே விருப்பமில்லை என்றால் அதையும் நேர்முகத் தேர்விலேயே சொல்லுங்கள். சமையலறை, வரவேற்பு, கணக்கு என்று வேறு எத்தனையோ பகுதிகள் உண்டு. அந்த விருப்பத்தை மதிக்காத மேலாளர் நல்ல மேலாளர் இல்லை.

நம் சாப்பாட்டோடு எது சேரும் என்ற கேள்விக்கு வருவோம், ஏனென்றால் அதிகம் அறியப்படாத இனங்களின் அருமை இங்கேதான் தெரிகிறது. சிவப்பு வைனில் உள்ள இரும்புச் சத்து மீனோடும் இறாலோடும் சேர்ந்தால் வாயில் பச்சை மீன் வாடை தங்கும். மதுசாரம் கூடினால் மிளகாய் உறைப்பும் கூடித் தெரியும். ஆகவே வாவி நண்டுக் கறிக்கு, விலை கூடிய கனத்த சிவப்பு வைனைச் சிபாரிசு செய்வது விருந்தினரை ஏமாற்றுவதற்குச் சமம். மதுசாரம் குறைந்த, சிறிது இனிப்புள்ள, மணம் தூக்கலான வெள்ளை வைன் நல்லது. ஜெர்மனியின் ஷொய்ரேபே அப்படியொன்று, 1916இல் கலப்பில் உருவாக்கிய இனம். தேங்காய்ப்பால் சொதிக்கும் பொரித்த மீனுக்கும், புளிப்பும் மெல்லிய உப்புச் சுவையுமாக இருக்கும் அசிர்டிகோவை நான் முதலில் சொல்வேன். அசிர்டிகோ கிடைக்கிற அன்று, "இந்தத் திராட்சை மணலில் வளர்ந்தது, எங்கள் கரை மாதிரி" என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள். விருந்தினர் கோப்பையை வைத்துவிட்டு நம்மோடு கதைக்கத் தொடங்குவார்.

ஒவ்வாமையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். சல்பைட் சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சிரைப்பைத் தரும். சல்பைட் லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதைவிட நம்மவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: வைனைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீன் காற்றுப்பை, ஜெலட்டின் போன்றவற்றையும் பயன்படுத்துவார்கள். சைவ உணவுக்காரர் கேட்டால் "பழச்சாறுதானே" என்று பதில் சொல்லிவிடாதீர்கள். சைவ முத்திரை உள்ள போத்தலைக் காட்டுங்கள், இல்லையென்றால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொல்லுங்கள்.

விருந்தினர் இல்லம் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. நத்தாருக்கு வீட்டில் செய்த வைனைத் தங்கியிருப்பவர்களுக்கு ஊற்றிக்கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அன்பாகத்தான் கொடுக்கிறார்கள், ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் மதுவரிச் சட்டப்படி குற்றம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், வெளிநாட்டவருக்கும் அதே சட்டம்தான். பௌர்ணமிப் போயா தினத்தில் விற்பனை இல்லை என்பதை முதல் நாளே விருந்தினருக்குச் சொல்லிவிடுங்கள்.

மேலாளர்களுக்குக் கடைசியாக, வாங்கும் கணக்கு. சின்னத் தயாரிப்பாளர்களின் வைனை மார்ச் மாதத்தில் மொத்தமாக வாங்கி ஆண்டு முழுக்க வைக்காதீர்கள். ஓர் இனத்தில் ஆறு போத்தல், தீர்ந்தால் அடுத்த ஆறு. கோப்பைக் கணக்கில் விற்றால், திறந்த நேரத்தை எழுதிப் போத்தலில் ஒட்டுங்கள். பிரிட்ஜில் இருந்தாலும் மூன்றாம் நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். செப்டெம்பர் பிறந்ததும் இருப்பைக் கணக்கெடுங்கள். வாடைக்காற்றும் மழையும் வந்து அறைகள் வெறுமையாகி, ஏசியை நிறுத்தப்போகும் நாளுக்கு முன்பே மிச்சப் போத்தல்களைக் கோப்பை விலை குறைத்து விற்றுத் தீர்த்துவிடுங்கள்.