மான்ட்ரோஸ் பேயும் ஓர் ஒட்டுக் கட்டையும்

"மான்ட்ரோஸ் விமானத் தளத்தில் செத்துப்போன விமானி இன்னும் நடமாடுகிறாராமே, நிஜமா சார்?" என்று தேவனாம்பட்டினத்திலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

விபத்து நிஜம். ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸில் 1913 மே 27 அன்று லெப்டினன்ட் டெஸ்மண்ட் ஆர்தர் ஓட்டிய பி.இ.2 ரக ராணுவ விமானம் நடுவானில் சிறகொடிந்து விழுந்தது, அவர் இறந்தார். 1916-இல் இந்த விபத்தைப் பற்றிய சர்ச்சை மறுபடி கிளம்பியது. அந்த ஆண்டுதான் தளத்தில் ஓர் உருவத்தைப் பார்த்ததாகப் பேச்சும் பரவியது. தூக்கம் பாதி கலைந்த நேரத்தில் உடம்பு அசையாமல் கனவு மட்டும் ஓடுவதை நாம் 'அமுக்குவான் பேய்' என்போமே, இரவுக் காட்சிகள் பலவற்றுக்கு அதுவே போதும்.

எனக்குப் பேயைவிட அந்தச் சிறகுதான் முக்கியம். பிரிட்டனின் விமானிகள் சங்கமான ராயல் ஏரோ கிளப் விபத்தை ஆராய்ந்தபோது, வலச் சிறகின் நுனியருகே உள்ளிருக்கும் நீளக் கட்டை முன்பே உடைந்து, யாரோ அரைகுறையாக ஒட்டி, மேலே துணி போர்த்தி மறைத்திருந்தது தெரிந்தது.

சரி, ஒட்டு எப்படித் தாங்குகிறது? மரம் என்பது விளக்குமாற்று ஈர்க்குகளைப் போல நீளவாக்கில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. குறுக்கே அறுத்த இரண்டு முனைகளை நேருக்கு நேர் ஒட்டினால், திறந்த குழாய்கள் பசையை உறிஞ்சிவிடும். மேற்பரப்பில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால்தான் கடலூர் முதுநகரில் படகு கட்டும் ஆசாரிகள், பலகையை நீட்ட வேண்டி வந்தால், இரண்டு நுனிகளையும் நீண்ட சாய்வாகச் சீவி ஒன்றின் மேல் ஒன்றைப் படியவைக்கிறார்கள். 2 செ.மீ. தடிமனுள்ள கட்டைக்கு 24 செ.மீ. நீளச் சாய்வு கொடுத்தால் பசை பிடிக்கும் பரப்பு சுமார் 12 மடங்கு. அதைவிட அழகான விஷயம் ஒன்று உண்டு. இழுக்கும்போது இரண்டு முகங்களும் பிய்ந்து விலகப் பார்ப்பதில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கின்றன. பிய்ப்பதைவிட வழுக்குவதைத் தடுப்பதில்தான் பசை கெட்டி. பறக்கும் சிறகு மேல்நோக்கி வளையும்போது கட்டையின் அடிப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் நசுங்குகிறது. 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் சுமை இரட்டிப்பு. நல்ல சாய்வு ஒட்டு இதையெல்லாம் நாரிலிருந்து நாருக்கு மெதுவாகக் கைமாற்றிவிடும்.

ஆனால் இரண்டு முகமும் இடைவெளியின்றிப் படிய வேண்டும். ஆர்தரின் விமானத்தில் பசை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் சுத்தமாக இல்லாமலும் இருந்தது. விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசை தடிமனாக இருந்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும்; வெற்றிடத்தின் விளிம்பில் சுமை குவியும்; கீறல் அங்கிருந்து ஓடும். மேலே துணி இறுக்கமாக, பளபளப்பாக இருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விபத்து நடந்த வளைவில் முனி இருக்கிறது என்று பூசணிக்காய் உடைக்கிறார்கள். டயரையும் வளைவின் சரிவையும் அளந்து பார்க்கும் ஆய்வகங்களுக்கு மாவட்டந்தோறும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தங்கையே, இரண்டு ஐஸ் குச்சிகளை நறுக்கி முனையோடு முனை ஒட்டு. வேறு இரண்டை நீளச் சாய்வாகச் சீவி ஒட்டி, கிளிப் போட்டு ஒரு நாள் காயவிடு. அப்புறம் வளைத்துப் பார். முதலாவது ஒட்டிலேயே விட்டுவிடும். இரண்டாவதைச் சரியாக ஒட்டியிருந்தால் ஒட்டு அப்படியே நிற்கும், பக்கத்து மரம்தான் முறியும்.